நைட்டியைத் துவைத்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கு மசக்கையாக இருந்தபோது மீன்காரரின் ஹாரன் சத்தம் கேட்டாலே வாந்தி வரும். மீன் நாற்றத்துக்கு வந்திருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மொபெட்டில் பெட்டி கட்டி வரும் அந்த மனிதர் தெருமுனை திரும்பும்போதே "பாம் பாம்" என்று அமுக்குவார். மீனுக்கும் எனக்கும் நடுவில் பத்து வீடு இருக்கும். அதற்குள் நான் வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இதைக் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு அக்கா. இரண்டு பையன்களைப் பெற்று, பள்ளிக்கூடம் அனுப்பும் அளவுக்கு வளர்த்தும்விட்டவர். ஆகவே பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் எங்கள் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். மறுநாளே தெருமுனைக்குப் போய் மீன்காரரை மறித்தார்.

"இந்தாங்க, எங்க தெருவுல ஒரு புள்ளத்தாச்சி இருக்கு. ஒங்க ஹாரன் சத்தத்துல அதுக்குக் கொடலே வெளிய வந்துரும்போல இருக்கு. சத்தம் போடாம வித்துட்டுப் போங்க."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் மீன் வியாபாரம் சைகையில் நடந்தது. இரண்டு கையையும் அகல விரித்தால் வஞ்சிரம். சுண்டுவிரலைக் காட்டினால் நெத்திலி. பேரம்கூடப் புருவத்தால்தான். எனக்காக ஒரு தெருவே மூன்று மாதம் ஊமைப் படம் ஓட்டியது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த தோழிக்கு எனக்கு ஆறு மாதம் முன்னால் ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவள் வேளாங்கண்ணி மாதாவின் பரம பக்தை. சந்தோஷம், கோபம், கேஸ் தீர்ந்துபோவது எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே சொல்தான் உண்டு: "மாதாவே!" அக்காவுக்கு அனுபவம் இருந்தது, இவளுக்குச் செல்போன் இருந்தது. இரண்டும் ஒத்துப்போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒருவர் வெந்நீர் குடி என்பார், மற்றவள் மோர் குடி என்பாள். யார் மனதையும் நோகடிக்க விரும்பாத நான் இரண்டையும் குடித்துவிட்டுப் பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

மகள் பிறந்தாள். என் அம்மா இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பிவிட்டார். மாமியார் இல்லை. என் கணவர் உரக்கடையில் வேலை பார்ப்பவர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆக, அக்காவும் தோழியும்தான் எனக்கு எல்லாம்.

நான் காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்வரை லீவு கொடுத்திருந்த முதலாளி, "திங்கக்கெழம வந்துரும்மா. இல்லன்னா நான் வேற ஆளு பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, சொன்னால் சொன்னதைச் செய்பவர். அந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. நாலு மாதமாக என்னை எல்லோரும் 'பாப்பாவோட அம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே போனால் "சிஸ்டர், வலிக்காம குத்துங்க" என்று கெஞ்சுவார்கள். எனக்கு அந்தக் கெஞ்சல் வேண்டியிருந்தது.

குழந்தையைப் பகலில் அக்காவும் தோழியும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் பாலை டம்ளரில் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனால் அவர்கள் பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். இதற்குக் குழந்தையைத் தவிர எல்லோரும் சம்மதித்திருந்தோம்.

அவள் பாலாடையைக் கண்டாலே வாயைப் பூட்டுப் போட்டதுபோல் மூடிக்கொள்வாள். அக்கா மடியில் வைத்துக் கொடுத்தார், துப்பினாள். தோழி பாட்டுப் பாடிக் கொடுத்தாள்; பாட்டு முடியும்வரை ஆர்வமாகக் கேட்டுவிட்டுத் துப்பினாள். என் கணவர் கொடுத்தபோது அவர் சட்டையிலேயே துப்பினாள். பிறகு நான் தூக்கினால், அடேயப்பா, பத்து நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி முட்டி மோதிக் குடிப்பாள்.

அப்போதுதான் தோழி ஒரு யோசனை சொன்னாள். "குழந்தைங்களுக்கு எல்லாமே வாசனதாண்டி. ஒன்னோட அழுக்கு நைட்டியக் குடு. நான் போட்டுக்கிட்டுக் குடுத்துப் பாக்குறேன்."

என் நீலப்பூ நைட்டியை மாட்டி, அதன்மேல் என் துண்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. நாலு பாலாடை குடித்தது! நாங்கள் எழுப்பிய கூச்சலில் ஐந்தாவதைத் துப்பிவிட்டது, ஆனாலும் நாலு நாலுதானே. "மாதாவே!" என்று தோழி நைட்டியோடு மாடிப்படியில் முழங்காலிட்டாள். அந்த நாலு பாலாடையை நம்பி நான் முதலாளிக்குப் போன் செய்து, "திங்கக்கெழம கண்டிப்பா வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலைக்குப் போட்டுப்போக இரண்டு சுடிதார் எடுக்கலாம் என்று குழந்தையோடு பஸ் ஏறிக் காரைக்கால் போனேன். சாவியை அக்காவிடம் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தால் மொட்டைமாடிக் கொடியில் என்னுடைய நாலு நைட்டியும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன. தெரு முழுக்க மல்லிகை வாசனை.

"அக்கா! என்னக்கா பண்ணீங்க?"

"நாளைக்கு வேலைக்குப் போற புள்ள, துணியெல்லாம் அழுக்காக் கெடக்குதேன்னு ஊறப்போட்டுத் தோச்சேன்டி. கடைசியா வாசன லிக்விட்லயும் ஒரு முக்கு முக்குனேன். எப்புடி இருக்கு?"

"அழுக்குதானக்கா வேணும்! அந்த வாசனைக்குத்தான அவ குடிச்சா!"

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ! நான் அந்த நீலப்பூவப் பாத்துதான் குடிக்குதுன்னுல்ல நெனச்சேன்!"

தோழிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மேலிருந்தே கத்தினாள். "பூவப் பாத்து எந்தக் குழந்தையாச்சும் பால் குடிக்குமாக்கா? அது என்ன வண்டா?"

"ஒன் செல்போனு சொன்னா மட்டும் குடிச்சுருமா? ரெண்டு பெத்தவ நானு!"

நான் நடுவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்ததால் சண்டை நின்றது. மணி பதினொன்று. மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸுக்குள் புது அழுக்கு உண்டாக்கியாக வேண்டும். அக்காதான் தீர்ப்புச் சொன்னார். மூன்று நைட்டியை நான் ஒன்றன்மேல் ஒன்றாக இன்று முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும்: என் நீலப்பூ, அக்காவின் ஊதா, தோழியின் சிவப்புப் புள்ளி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடியில் இருப்பதை மேலே மாற்ற வேண்டும், மூன்றுக்கும் சமமாக வேர்வை கிடைக்க. இதற்கு ஒரு காகிதத்தில் நேரம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியும்விட்டார்.

சித்திரை மாத வெயில். ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள், காற்றில் வேர்வை காய்ந்துவிடுமாம். தோழியின் நைட்டி எனக்கு ஒரு சுற்றுச் சின்னது. அது அடியில் வரும் முறையில் என்னால் கையைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் தோழி என் தோளை முகர்ந்து பார்த்து, "இன்னும் பத்தாது" என்பாள். அக்காவும் முகர்ந்து, "எனக்கு லிக்விட் வாசனதான் வருது" என்பார். ஞாயிறு கடை அரை நாள்தான் என்பதால் மதியமே திரும்பியிருந்த என் கணவர், சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்து, என்னைப் பார்த்துவிட்டு அப்படியே தட்டோடு கொல்லைப்பக்கம் போய்விட்டார். புத்திசாலி.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் உரக்கடை முதலாளியும் அவர் மனைவியும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். மூன்று நைட்டி, மேலே துண்டு, தலையிலிருந்து ஒழுகும் வேர்வை, ஃபேன் ஓடவில்லை. உட்காருங்கள் என்று சொல்லக் கை நீட்டினேன். கை பாதியில் நின்றது. அந்த அம்மா என்னைச் சுற்றளவோடு ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். "கவலப்படாதம்மா. புள்ள பெத்த ஒடம்பு இப்புடித்தான் ஊதும். ஒரு வருஷத்துல வத்திரும்."

சமையலறையில் ஒளிந்திருந்த தோழி சிரித்ததில் டம்ளர் உருண்டது. அவர்கள் கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள், புழுக்கம் தாங்கவில்லை போல.

திங்கட்கிழமை காலை அக்கா ஊதாவிலும் தோழி சிவப்புப் புள்ளியிலும் தயாராக நின்றார்கள். நீலப்பூவை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி மடித்துக் கொடுத்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்து, கன்னத்தில் முத்தம் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். ஏழு தடவை திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுததில் கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும், ஆஸ்பத்திரியா?" என்று பரிவாகக் கேட்டார்.

பரிசோதனை நிலையத்தில் வருகிறவர்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எப்ப சாப்ட்டீங்க?" ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். பத்தரை மணிக்குத் தோழியின் குரல் செய்தி வந்தது. பின்னணியில் என் மகள் அலறிக்கொண்டிருந்தாள். "குடிக்க மாட்டேங்குதுடி. நைட்டியப் பாத்ததும் சிரிச்சுச்சு. பாலாடையக் கொண்டுபோனா மூஞ்சியத் திருப்பிக்கிது." பதினொன்றரைக்கு அக்காவின் செய்தி: "நீலப்பூவையும் போட்டாச்சு. ரெண்டு நைட்டி மேல போட்டும் பாத்தாச்சு. நெஞ்சுலயே முட்டுது, ஒன்னும் இல்லன்னதும் கோவம் வந்து அறையுது." மதியம் பன்னிரண்டே காலுக்கு, "அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு. நீ வந்துருறியா?"

அவ்வளவுதான். கையுறையைக் கழற்றினேன். என் துப்பட்டாவின் முன்பக்கம் பாலால் நனைந்திருந்தது. முதலாளியின் அறை வாசலுக்குப் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். முதல் நாள், பாதி நாள்கூட ஆகவில்லை. இப்போது போனால் திரும்பி வர முடியாது என்று இருவருக்கும் தெரியும். "சார், நான்..." என்று ஆரம்பித்தபோது கையிலிருந்த போன் அடித்தது. தோழியின் வீடியோ அழைப்பு.

திரையில் முதலில் தெரிந்தது ஒரு மீசை. அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர். வயலிலிருந்து சாப்பிட வந்தவர், காலில் சேறு காயவில்லை. தன் சொந்தப் பிள்ளைகளையே உட்காரப் பழகிய பிறகுதான் தூக்கினார் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக் குறைபட்ட மனிதர். களைத்துப்போன பெண்கள் இருவரும் ஒருவாய்ச் சோறு தின்னப் போனபோது அவர் மடியில் குழந்தையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் இடது காதில் போனை இடுக்கிக்கொண்டு, மடையை எவனோ திறந்துவிட்டான் என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மீசை ஏறி இறங்கியது. என் மகள் அந்த மீசையையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிளந்த வாயில் அவர் பாலாடையைச் சரித்தார். விழுங்கினாள். மறுபடி வாயைப் பிளந்தாள்.

"டம்ளர் காலிடி!" என்று தோழி கிசுகிசுத்தாள். "மாதாவே, டம்ளர் காலி!"

"என்னம்மா?" என்றார் முதலாளி.

"ஒன்னுமில்ல சார். அடுத்த ஆளக் கூப்பிடவான்னு கேக்க வந்தேன்."

மாலையில் பஸ் நின்றதும் ஓடினேன். அக்கா வீட்டு வாசலில் அண்ணன் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். எப்படிண்ணே செஞ்சீங்க என்று கேட்டேன். "நான் என்னத்தம்மா பண்ணேன்? அது வாயத் தொறந்துச்சு, நான் ஊத்துனேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாசனை வந்தால் அவள் என்னைத்தான் தேடுவாள். கிடைக்காவிட்டால் கோபப்படாமல் என்ன செய்வாள்? அன்றைய நாலு பாலாடைகூடத் தோழியின் வேடத்தை வாய் பிளந்து பார்த்ததில் உள்ளே போனதுதான். ஞாயிறு முழுக்க மூன்று நைட்டியில் நான் வெந்தது அவளைப் பட்டினி போடுவதற்குத்தான். சேறும் வேர்வையுமாக இருந்த அண்ணனிடம் என்னைத் தேட வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. ஆகவே பசித்தது, குடித்தாள்.

நான் கை நீட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் தாவவில்லை. வயிறு நிறைந்திருந்தது. அண்ணனின் மீசையை ஒரு கையால் பிடித்தபடி அங்கேயே சாய்ந்து கண் சொக்கினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

தோழி இடுப்பில் கை வைத்து நின்றாள், இன்னமும் சிவப்புப் புள்ளி நைட்டியில். "குடிக்கலன்னாலும் அழுவுற, குடிச்சாலும் அழுவுற. ஒனக்கு என்னதாண்டி வேணும்? அவ எல்லார்கிட்டயும் குடிக்கணுமா, இல்ல ஒன்கிட்ட மட்டும் குடிக்கணுமா?"

"ரெண்டும்" என்றேன்.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை இல்லாததால் நைட்டியின் கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். "அப்ப நாளைக்கும் வேலைக்குப் போ. நாளைக்கும் வந்து அழு. நாங்க இங்கதான இருக்கோம்."