மிலாறு கட்டிய சைக்கிள்

இந்த மலையில் என் சைக்கிள் மணிக்கு வேலையே இல்லை. ஆனாலும் விரல் கேட்பதாயில்லை. விடிந்ததும் பேக்கரியின் பின்கட்டில் பாண் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்புகிறேன். நம் ரொட்டிக்கு இலங்கையில் பாண் என்று பெயர். கடைவீதி முடிந்ததும் கிரவல் ரோடு. சிவப்பு மண்ணும் பொடிக்கல்லும் கலந்து, ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். லாரி கிடையாது, கட்டைவண்டி கிடையாது. எதிரே வருவது பனி ஒன்றுதான். அதுவும் மரியாதையாக விலகிக்கொண்டுதான் வருகிறது. அப்படியும் ஒவ்வொரு வளைவிலும் கிணிகிணியென்று அடித்துத் தள்ளுகிறேன். சரிவில் கொழுந்து பறிக்கிற மாரியாயி நிமிர்ந்து, "பாண்காரரே, யாருக்கு மணி அடிக்கிறீங்க? ஒரு மாடுகூட இல்லையே!" என்று சிரிக்கிறாள். "எனக்குத்தாம்மா" என்கிறேன். அவளுக்கு அது வேடிக்கைப் பதில்.

ராயபுரத்தில் சைக்கிள் விட்டவர்களுக்கு இது புரியும். துறைமுகத்து லாரிகள், தோல் மூட்டை ஏற்றிய வண்டிகள், மீன் கூடைக்காரிகள், சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற டிராம் தண்டவாளம், எப்போது மூடும் என்று தெரியாத ரயில்வே கேட்டு. இத்தனைக்கும் நடுவே தண்டையார்பேட்டையிலிருந்து தோல் கிடங்குக்குப் போய்வந்த சைக்கிள் இது. பிரேக் கட்டை தேய்ந்து விழுந்தால் அங்கே எங்களில் யாரும் மாற்றுவதில்லை. ஊர் தட்டையாகக் கிடக்கிறது, எதற்குப் பிரேக்கு? நிற்கவேண்டுமானால் காலை ஊன்று. நிற்க மனசில்லையானால் மணியை அடி. அதற்கும் மசியவில்லையானால் வாயைத் திற: "ஓரம் போ நைனா! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" ஜனங்கள் விலகுவார்கள், கடல்காற்று ஈரமாக முகத்தில் அடிக்கும். ஆனால் ஓரிடத்தில் இருந்தால் உள்ளங்கால் அரிக்கிற ரகம் நான். யுத்தம் முடிந்தபின் ஒரு நாள் அந்தச் சைக்கிளையும் ரயிலில் ஏற்றி, தனுஷ்கோடியில் கப்பலேறி, அட்டனுக்கும் மேலே இந்தக் குளிரில் வந்து இறங்கினேன்.

வந்த புதிதில் ஒரு காட்சி கண்டேன். மேல் தோட்டத்திலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர்கள் எல்லாரும் பின்னால் ஒரு சுள்ளிக்கட்டைக் கயிற்றில் கட்டி, தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டே வந்தார்கள். தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கிற குச்சிகள். இங்கே அதை மிலாறு என்கிறார்கள். "விறகா?" என்று கேட்டேன். "ஆமா, விறகுதான்" என்றான் ஒருவன். வீட்டுக்குப் போனதும் அது அடுப்புக்குத்தானே போகும், அவன் சொன்னதில் பொய்யில்லை. தலையில் தூக்கச் சோம்பல், இழுத்துக்கொண்டு போகிறான்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, மேல் தோட்டத்திலிருந்து வெறும் சைக்கிளோடு இறங்கினேன். முதல் வளைவுக்குள் சக்கரம் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. காலை ஊன்றினேன், செருப்பு பறந்தது. மணியடித்தேன். கடைசியில் தண்டையார்பேட்டை பழக்கத்தில், "ஓரம் போ!" என்று கத்தினேன். மலை ஓரம் போகவில்லை. தேயிலைக்குள் தலைகுப்புற விழுந்து கிடந்தவனைத் தூக்கிவிட்ட பெண்களில் மாரியாயியும் ஒருத்தி. "மிலாறு கட்டாமலா எறங்குனீங்க?" என்று அவள் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தச் சுள்ளிக்கட்டுத்தான் அவர்களுடைய பிரேக்கு. இப்போது என் சைக்கிளில் நல்ல பிரேக் போட்டிருக்கிறேன். ஆனாலும் பாரத்தோடு இறங்கும்போது மிலாறு இல்லாமல் இறங்குவதில்லை.

ஊரில் ஜைனப் இருந்தாள், என் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தண்டையார்பேட்டையில் குடக்கூலிக்கு எடுத்த ஒற்றை அறை வீட்டில் அவள் தனியே, இங்கே நான் தனியே. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, "இங்கதான் வந்துடேன்" என்று எப்போதும்போலக் கூப்பிட்டேன். எப்போதும்போல அவள் சிரித்து மழுப்பவில்லை. "ஒரு மாசம் வந்து பாக்கறேன் மச்சான். புடிச்சா வூட்டைக் காலி பண்ணிட்டு அங்கியே கீறேன். புடிக்கலன்னா நீ மூட்டையைக் கட்டிக்கினு என்கூட வந்துடணும். அப்பால பேஜாரு பண்ணக்கூடாது" என்றாள். தலையாட்டினேன். அவளுக்கு இந்த அமைதி ஆகாது, என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று எனக்குள் ஒருவன் நம்பிக்கொண்டிருந்தான். அவன் பெட்டியைக்கூடக் கட்டத் தொடங்கியிருந்தான்.

வந்தவள் முதல் வாரம் முழுக்கக் கம்பளிக்குள் இருந்தாள். "இன்னா மச்சான் இது, ஒரு குரல் இல்ல, ஒரு சண்டை இல்ல! எப்டி தூங்கறே?" எனக்கு உள்ளூர நிம்மதி. பிறகு ஒரு விடுமுறை நாளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே கூட்டிப்போனேன். கூடவே நடந்து வந்தவள் ஒரு சமதரையில் நின்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யாரும் வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க."

"சத்தியமா?"

உடம்பைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கேரியரில் உட்காரப்போகிறாள் என்று நினைத்தேன். "நவுரு. நான் வுடறேன்" என்றாள். ஊரில் திரை கட்டிய ரிக்ஷாவில் மட்டும் வெளியே போனவள். தெரு என்றால் அவளுக்குத் திரையில் இருந்த கிழிசல் அளவுதான். ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலால் தரையை உந்தினாள். விழுந்தாள். "துப்பட்டி கலீஜாயிடுச்சு!" என்று எழுந்தாள். மறுபடி உந்தினாள். பொடிக்கல் சரசரக்க அவள் பாட்டுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். என் சைக்கிளில் என்னை விட்டுவிட்டு ஒருவர் போவதை அன்றுதான் பார்த்தேன்.

வளைவில் ரோட்டுக்கு மண் போடுகிற பண்டா மண்வெட்டியோடு நின்றிருந்தார். சிங்களவர், வயதானவர். ஜைனப் திடுக்கிட்டு இறங்கி, இடுப்பிலிருந்து துப்பட்டியை உருவினாள். அவர் ஓரத்துச் சாக்கடைக்குள் இறங்கி வழிவிட்டு, "ஹெமின், ஹெமின்" என்றார்.

"இன்னா சொல்றாரு? திட்றாரா?"

"மெள்ளப் போகச் சொல்றாரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போகாதேன்னு சொல்லலியே?"

மறுபடி ஏறி உந்தினாள்.

மேலே போய் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவளே சொன்னாள்: "வூட்டைக் காலி பண்ணிடலாம் மச்சான்."

எத்தனை வருஷம் இதைக் கேட்கக் காத்திருந்தேன்! கேட்டதும் தண்டையார்பேட்டை அறைதான் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் நான் அங்கே இல்லாவிட்டாலும் எனக்கு அங்கே ஒரு கதவு இருந்தது. அதன் பின்னால் என் சட்டை ஒன்று தொங்கியது. இனி அந்த அறையில் வேறு யாரோ விளக்கேற்றுவார்கள். துறைமுகத்துச் சங்கு ஊதும், அதைக் கேட்க எங்கள் ஆள் யாரும் இருக்கமாட்டார்கள். வெளியூர்க்காரன் என்று இங்கே என்னைச் சொல்கிறார்களே, இனி எந்த ஊருக்கு நான் வெளியூர்?

"இன்னா, மூஞ்சி தொங்குது? நீதானே கூப்ட?"

"நான்தான் கூப்பிட்டேன்."

"அப்ப சிரி."

சிரித்தேன். சரியாக வரவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும், எழுந்து போய் மிலாறு பொறுக்கிக் கொடுத்தாள். கட்டாகக் கட்டி, கயிற்றைக் கேரியருக்கு அடியில் முடிந்தேன். அவள் பின்னால் உட்கார, மெல்ல இறங்கினோம். கட்டு தரையைக் கீறிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவள் சொன்னாள்: "இத்தப் பாரேன் மச்சான்! நம்ம சக்கரத் தடமே காணோம். அதுவே கூட்டிக்கினு வருது." வாசல் பெருக்கியவளின் திருப்தி அந்தக் குரலில். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வளைவு வந்தது. விரல் தானாக மணிக்குப் போனது. அடித்தேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. ரிக்ஷாத் திரைக்குள் இருந்து இத்தனை காலம் காதால் மட்டும் கேட்டதை, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வாயால், ஆளில்லாத பள்ளத்தாக்கைப் பார்த்து முழுக் குரலில் கத்தினாள்:

"ஓரம் போ நைனா! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

எதிர் மலையிலிருந்து அதே கேள்வி எங்களைப் பார்த்துத் திரும்பி வந்தது.