அப்பாவின் துவைக்காத சட்டை

நெஞ்சுவலி என்று அப்பாவை நாமக்கல்லில் அவசரப் பிரிவுக்குள் கொண்டுபோனதும், நர்ஸ் அவர் சட்டையை என் கையில் கொடுத்தார். டீசலும் வியர்வையும் கலந்த அதே வாசனை.

அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப்போனால் திரும்ப ஒரு மாதமாகும். சின்ன வயதில் நான் அழுவேன் என்று அவர் கழற்றிப்போட்ட சட்டையை அம்மா துவைக்காமல் வைத்திருப்பாள். அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன். வாசனை போய்விட்டதென்று சிணுங்கினால், "அப்பிடின்னா அப்பா பக்கத்துல வந்துட்டாருன்னு அர்த்தம் சாமி" என்பாள். நானும் நம்பி வாசலுக்கு ஓடுவேன்.

விடிந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

"ராத்திரியெல்லாம் வெளியவே உக்காந்திருந்தியா சாமி?" என்றார் அப்பா.

"ஆமாங்ப்பா."

"உன்னையக் காக்க வெக்கிறதே எனக்குப் பொழப்பாப் போச்சு" என்றவர், என் கையை விடவேயில்லை.