மீட்டர் பலகைக்குப் பின்னால் கொஞ்சம் மகரந்தம்

கொசுத்தேனீ சேர்க்கும் மகரந்தத்தைப் பற்றி யாரும் கேட்காமலேயே கால் மணி நேரம் பேசக்கூடியவன் நான். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பணி ஓய்வு வரை அதுதான் வேலை. மாதிரியைக் குறைந்த சூட்டில் உலர்த்தி, பொடித்து, சாற்றை இறக்கி ஊதாக் கரைசலில் விட வேண்டும். ஊதா வெளிறி மஞ்சளானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் இருக்கிறது என்று பொருள். புரதம், ஈரப்பதம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடலாம். சோதித்த எதையும் நான் வாயில் வைத்ததில்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவிக்குப் புற்றுநோய். மதுரை ஆஸ்பத்திரிக்கும் அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்குமாக அலைந்து சிகிச்சை முடிந்தபோது அவள் நாக்கில் ருசி என்ற ஒன்றே இல்லை. எதைக் கொடுத்தாலும் "மண்ணாட்டம் இருக்கு" என்று தள்ளிவிடுவாள். ஒரு வாய் சோறு உள்ளே போக வேண்டும். வீட்டில் வேறு கவலை இல்லை.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த அவள் அண்ணன் பார்க்க வந்தார். எங்கள் மீட்டர் பலகைக்குப் பின்னால் சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீக் கூடு இருந்தது. கால் நிறைய மஞ்சளோடு ஈக்கள் நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மகரந்தத்தக் குடுங்க மாப்ள. புளிப்பா இருக்கும். சத்துன்னு நீங்கதான சொல்வீக."

"சோதிக்காம எப்படி மச்சான்? தோட்டத்துல மருந்தடிக்கிறீகளே."

"அது அங்கன. இங்கன இருக்குற ஈ எங்க ஊருக்கு டவுன் பஸ் ஏறியா வரும்? உங்க முருங்கையத் தாண்டாது."

கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது. "அண்ணன் சொல்றாகள்ல. ஊதா மஞ்சளெல்லாம் பெறகு பாத்துக்கங்க."

மருத்துவரிடம் கேட்டேன். "எதைக் கேட்டாலும் குடுங்க சார்" என்றார். அந்த அனுமதி எந்தக் கட்டத்தில் தரப்படுவது என்பது எனக்குத் தெரியும்.

முறைப்படி சோதிக்க வேண்டுமானால் கூட்டில் இருந்தது அத்தனையும் தேவைப்படும். அப்புறம் அவள் தின்ன ஒன்றும் மிஞ்சாது. மெயினை அணைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினேன். கொட்டத் தெரியாத ஈக்கள் தலைமுடியிலும் புருவத்திலும் புகுந்து என்னை எதிர்த்தன. அவை மகரந்தம் சேர்த்து வைக்கும் சுண்டைக்காய் அளவு மெழுகுக் குடம் ஒன்றை உடைத்து, ஈரமாக இருந்த மகரந்தத்தைக் கரண்டி நுனியில் எடுத்துப்போனேன்.

"புளிக்குதுங்க" என்றாள். ருசி ஒன்றின் பெயரை அவள் சொல்லிக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அதன் மேலேயே இரண்டு வாய் தயிர்ச்சோறு இறங்கியது. வேலையில் இருந்தபோது எந்தச் சோதனை முடிவும் என்னை அப்படி மகிழ்வித்ததில்லை.

அதன் பிறகு காலையில் ஒரு குடம். "பாதிய விட்டு வைங்க. குஞ்சுகளுக்குச் சேத்து வச்ச தீனி அது" என்று தினமும் கட்டளை வரும். சரி என்பேன்.

பிறகு ஒரு நாள் வாயில் வைத்தவள் வெகு நேரம் நாக்கைப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்குப் புளிப்பே இல்லையே. இந்தக் குடம் சரியில்லையோ?"

கரண்டியில் மிச்சமிருந்ததை நான் வாயில் போட்டுக்கொண்டேன். பல் கூசும் அளவுக்குப் புளித்தது.

"ஆமா, இதுல புளிப்பு இல்ல" என்றேன்.

"அப்ப நாளைக்கு வேற குடம் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தயிர்ச்சோறு கிண்ணத்திலேயே இருந்தது. நான் எழுந்து போய், இத்தனை நாளும் திருகாமல் சாத்தி மட்டும் வைத்திருந்த மீட்டர் பலகையைப் பழையபடி திருகி முடுக்கினேன்.