மதினி வாசல் தாண்டிய நாள்

அண்ணன் இறந்த ஆறாம் நாள், செல்லூரில் எங்கள் வீட்டுக்கு பூத் சிலிப் கொடுக்க அங்கன்வாடி டீச்சர் வந்தார். எனக்கும் என் மனைவிக்கும் உள்ளதைக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தவர், அதில் அண்ணன் பெயரைப் பார்த்ததும், "வெவரம் தெரியாம எடுத்தாந்துட்டேண்ணே" என்று தடுமாறி அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். மதினியின் சிலிப் மட்டும் மிஞ்சியது. மூலையில், அண்ணனைக் கிடத்தியிருந்த இடத்தில் எரிந்த தலைவிளக்குப் பக்கம் உட்கார்ந்திருந்த மதினி, அதைக் கை நீட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

சிலிப் வந்த மூன்றாம் நாள் ஓட்டுப்பதிவு. அண்ணன் இருந்தவரை இருவரும் விடியற்காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, வரிசையில் முதல் ஆளாய் நிற்பார்கள். அன்று காலை மதினி என்னிடம், "நானும் வாரேன் தம்பி" என்றார். புருஷன் செத்தால் பதினாறு கழியும்வரை பெண்சாதி வாசல் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் வாய் திறப்பதற்குள், துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த அத்தை முந்திக்கொண்டார். "கொள்ளி வச்ச சூடு ஆறல, அதுக்குள்ள ஓட்டாம் ஓட்டு! ஊரு வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும்டீ." அத்தை சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. அம்மனுக்குப் பயந்தவன் நான். "அடுத்த தடவ பாத்துக்கலாம் மதினி" என்று சொல்லிவிட்டு, நானும் மனைவியும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். தீட்டு எனக்கும்தான் இருந்தது. அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

மதினி பகலெல்லாம் மூலையிலேயே உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களின் விரல் மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு மேல் திடீரென எழுந்தார். "ஆறு மணிக்கு அடைச்சுருவாக தம்பி. அவுக பேரத்தான் திருப்பி எடுத்துட்டுப் போய்ட்டாக. எம்பேரு இன்னும் இருக்குல்ல? கூட வாரீகளா, நான் மட்டும் போகட்டுமா?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். மதினி அதற்குள் வாசல் தாண்டிவிட்டார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பள்ளிக்கூட வரிசையில் பூ வைத்திருந்த பெண்கள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் குன்றிப்போனேன். மதினி அவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. உள்ளே போனவர் வெளியே வர ரொம்ப நேரம் ஆனது. எப்போதும் அண்ணன் சொல்லும் சின்னத்தில்தான் போடுவார். திரும்பும் வழியில், "அண்ணன் சொல்றதுலதான மதினி?" என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணனே உள்ள வந்து எட்டிப் பாத்ததில்ல. ஒங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றார். அண்ணன் போனபின் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அப்போதுதான் பார்த்தேன்.

இன்றைக்கு எந்தத் தேர்தல் வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் கிளம்புவது மதினிதான். ஆனால் அன்றைக்கு என் மனசு அடங்கவில்லை. தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்று பயந்து, பதினாறு முடிந்த மறுநாளே வண்டியூர் மாரியம்மனுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். மதினி வாசல் தாண்டியதைப் பொறுத்துக்கொள் தாயே என்று வேண்டத்தான் போனேன். சன்னதியில் கை கூப்பியதும் அந்த வார்த்தை வரவில்லை. காலையில் கிளம்பியவரைச் சாயங்காலம்வரை உட்கார வைத்துவிட்டேன், அதைப் பொறுத்துக்கொள் தாயே என்றுதான் வாய் சொன்னது.