சின்னாளபட்டிக் கடையின் ஜாலிச் சுவர்

செய்தி வந்தபோது பாலசமுத்திரத்தில் ஒரு வீட்டுக்கு மேல்தளக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். கலவை மிஷின் இரைச்சலில் ஃபோன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. மேஸ்திரிதான் சைகை காட்டினார். எடுத்தால் ஜமால் பாயின் மனைவி நூர்ஜஹான் அக்கா. "செல்வி, அவுக போயிட்டாக. சாயந்திரம் அஸர் தொழுகைக்கு எடுக்குறாக, வந்துரும்மா" என்றார்கள். அவ்வளவுதான்.

உடனே இறங்கி ஓடியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கான்கிரீட்டை நடுவில் நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் சரியாக ஒட்டாது. பின்னாளில் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். "ஊத்த ஆரம்பிச்சுட்டா யாரு வந்து கூப்பிட்டாலும் எறங்கக் கூடாது செல்வியம்மா" என்று இருபத்திரண்டு வருஷமாக என் காதில் ஓதிய மனிதர் இறந்துவிட்டார் என்று கேட்டும், அவர் சொன்னதற்காகவே நின்றுகொண்டிருந்தேன். மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நீங்க கெளம்புங்க மேடம். ஒரு சட்டி கூட நிக்காம நாங்க முடிச்சுப்போடறமுங்க" என்றார். திண்டுக்கல் வரும் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை நாகல் நகர் மாடி அலுவலகத்தில் பார்த்த பழக்கம் இருக்கும். அவர் ஆர்க்கிடெக்ட், நான் சிவில் இன்ஜினியர். அவர் வரைவார், அது விழாமல் நிற்கிற கணக்கை நான் போடுவேன். சண்டை போடாத நாள் குறைவு. வருகிறவர்கள் எல்லாரும் செல்ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி "இந்த மாதிரி மாடர்ன் எலிவேஷன் வேணும்" என்பார்கள். வேறு ஏதோ குளிர் நாட்டில் கட்டிய கண்ணாடிப் பெட்டியாக இருக்கும் அது. பாய் படத்தை நன்றாகப் பார்ப்பார், பாராட்டவும் செய்வார். பிறகு, "அவனுக்கு வெயில் வேணும், கண்ணாடி வச்சுக் கூப்புடுறான். நமக்கு அது கூப்புடாமலே வருதேப்பா" என்பார். பாதிப் பேர் சிரித்துவிட்டு உட்காருவார்கள். மீதிப் பேர் அடுத்த தெரு அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரே அந்தப் படங்களில் மயங்கிக் கிடந்த காலம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கீரனூரில் ஒரு விவசாயிக்கு வீடு கட்டினோம். வெள்ளைப் பெட்டி, தட்டைக் கூரை, நீளமான ஜன்னல்கள். எந்த உறுப்பும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று ஜன்னலுக்கு மேல் சன்ஷேடுகூட வேண்டாம் என்றுவிட்டார் பாய். ஐப்பசி மழை கட்டில் வரைக்கும் வந்தது. அந்த வீட்டு அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தி, "ஏனுங்க, வூட்டுக்குள்ளார குடை புடிச்சுட்டு உக்கோரச் சொல்றீங்களா? இதுக்கு நாங்க மரத்தடியிலயே இருந்துக்கறமுங்க" என்றார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாய் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதுதாம்மா" என்றார். மறு வாரமே ஆள் கூட்டிப்போய் ஒவ்வொரு ஜன்னலுக்கும் சன்ஷேடு போட்டுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த மடக்கு நாற்காலி வந்தது. எந்த மனையாக இருந்தாலும் பென்சில் எடுக்கும் முன்பு, சித்திரை வெயிலோ ஆடிக் காற்றோ, மத்தியானம் மூன்று மணிக்கு அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பார்க்கிறவர்கள் கிறுக்கு என்று நினைப்பார்கள். நானும்தான் நினைத்தேன். "மாடர்ன்னா என்னன்னு இம்புட்டு வருஷம் படிச்சேன் செல்வியம்மா. தேவையில்லாதத எல்லாம் எடுத்துரு, அதுதான் மாடர்ன். ஆனா எது தேவையில்லன்னு அந்த எடத்துல உக்காந்தாத்தான் தெரியும்" என்று ஒருநாள் சொன்னார்.

சின்னாளபட்டிச் சேலைக் கடை அப்படி உட்கார்ந்து பிறந்த கட்டடம். மேற்குப் பார்த்த மனை. சாயந்திர வெயில் நேராக உள்ளே அடித்தால் சுங்குடிச் சேலையின் சாயம் வெளுத்துவிடும். சுவரை அடைத்துவிட்டாலோ டியூப்லைட் வெளிச்சத்தில் சேலையின் நிஜமான நிறம் தெரியாது. பாய் முன்பக்கம் முழுவதும் கான்கிரீட் ஜாலி, அதாவது சல்லடை மாதிரி துளைகள் உள்ள சுவர், வைத்தார். ஒவ்வொரு துளையும் உள்ளேயிருந்து வெளியே தாழ்ந்து சாய்ந்திருக்கும். வெளிச்சமும் காற்றும் வரும்; வெயிலும் மழையும் வராது. ஓனர், சுங்குடிப் புள்ளி மாதிரி டிசைன் வைக்கச் சொன்னார். "சேலையில இருக்குற புள்ளி போதும்ணே" என்று பாய் மறுத்துவிட்டார். அந்த ஜாலிக்கு அச்சு செய்து, கம்பிக் கணக்குப் போட்டு, இறுக்கமாகக் கலவை போட்டு நிறுத்தியது நான். திறந்த பிறகு வெளியூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து படம் எடுத்தார்கள். எல்லாருக்கும் அது ஜமால் பாய் கட்டடம்.

இனிச் சொல்லப்போவது அவரிடம் சொல்லாதது.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடை ஓனரின் மகன் அலுவலகத்துக்கு வந்தார். "ஜாலி பழைய காலத்து வேலை மேடம். முன்னாடி ஏசிபி அலுமினிய ஷீட்டும் கண்ணாடியும் போட்டு மாடர்னா மாத்திக் கொடுங்க" என்றார். பாய் இருந்திருந்தால் நாள் முழுக்கப் பேசியாவது அனுப்பியிருப்பார். நான் ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை. அலுவலகத்தைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்த அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதில்லை. அந்தச் சுவரில் என் பெயரை ஒருவரும் சொன்னதில்லை என்ற எரிச்சல் உள்ளே கிடந்தது. வரைபடத்தில் என் கையால் எழுதினேன்: "இருக்கும் ஜாலியை இடித்து அகற்றவும்."

கான்ட்ராக்டர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "மெஷின் வச்சு ஒடச்சும் ஒரு மூலைதான் மேடம் பேந்துச்சு. என்னத்தப் போட்டுக் கட்டுனீங்க? அது கெடக்கட்டும், ஓரத்துச் சுவத்துல இரும்பு ஃப்ரேமை அடிச்சு, முன்னாடி ஷீட்டை மாட்டிர்றோம்" என்றார். சரி என்றேன். ஜாலி உள்ளே இருட்டில் நின்றது. வெளியே வெள்ளியும் நீலமுமாகப் பளபளத்தது.

பாய் வீடு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "ஒருநா சின்னாளபட்டி பக்கம் போயிட்டு வருவமா?" நான், "ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான் பாய், உங்களுக்கு ஒடம்பு குலுங்கும்" என்றேன். இரண்டாவது முறை வேறு சாக்கு. மூன்றாவது முறையும் சாக்குதான். ஒவ்வொரு முறையும் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்பார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினேன். பாவி, கடைசி வரை சொல்லவே இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நூர்ஜஹான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தச் சேலைக் கடையில் ஆரம்பத்திலிருந்து வேலை பார்க்கும் மகேஸ்வரியும் துக்கம் கேட்க வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஐயா ஆட்டோல கடைக்கு வந்தாரு மேடம். தனியாத்தான். ரோட்டுல நின்னு அந்த ஷீட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் உள்ள வந்து, ஜாலி எங்கம்மா இருக்குன்னு கேட்டாரு. ஸ்டாக் ரூம் வழியாக் கூட்டிட்டுப் போனேன். ஷீட்டுக்கும் ஜாலிக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குல்ல, அந்த இருட்டுக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாத்தாரு. கண்ணுல தண்ணி. ஆனா சிரிக்கிறாரு மேடம். 'ஒடைக்கலையே! எங்க செல்வியம்மா ஒடைக்க விட்டிருக்காது. ஓனரு மனசுக்கு முன்னாடி தகரத்தை மாட்டிட்டு, இதைப் பத்திரமா ஒளிச்சு வச்சிருக்கு'ன்னாரு. போகும்போது, 'நான் வந்ததச் சொல்லாதம்மா, சங்கடப்படும்'னு சொல்லிட்டுப் போனாரு."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மகேஸ்வரி துக்கம் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

போன வாரம் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு சின்னாளபட்டி போனேன். மூன்று மணிக்குக் கடைக்குள்ளே போட்டு உட்கார்ந்தேன். பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தது. ஒரு பெண் சேலையை எடுத்துக்கொண்டு நிறம் பார்க்கத் தெருவுக்குப் போனார். அவர் பின்னால் இன்னொருவர் போனார். ஓனரின் மகனைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். ஷீட்டைக் கழற்றிவிடலாம், பெயர்ந்த மூலையை நான் கட்டித் தருகிறேன் என்றேன். "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றிருக்கிறார். நாளைக்கும் போவேன். அவர் சரி என்கிறவரை மூன்று மணிக்கு அந்த நாற்காலியில் உட்காருவேன்.

ஜமால் பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நாற்காலியும், நான் செய்யாத ஒரு காரியத்துக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன பாராட்டும்தான். நாற்காலியை வைத்துக்கொள்கிறேன். பாராட்டை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் அவரை அறிந்த உங்கள் எல்லார் முன்னிலும் சொல்லிவிடுகிறேன்: அதை உடைக்கச் சொன்னது நான்தான், பாய்.