சாரலில் எடை போட்ட புரோட்டான்

குழல்வாய்மொழி குற்றாலம் ரோட்டுக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அவள் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க வந்தவர்கள் எல்லாரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

1976 ஆடியில் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. மதுரையிலிருந்து ஆய்வு வழிகாட்டி காந்திமதிநாதன் எழுதியிருந்தார்: "புரோட்டானின் உந்தத்தில் பாதியைத்தான் குவார்க்குகள் சுமக்கின்றன என்கிறது உலகம். உனக்கு மட்டும் நூற்றுக்கு ஐம்பத்துநான்கு வருகிறது. அந்த அத்தியாயத்தை நீக்கிவிடு." அது போனால் ஆறு வருட உழைப்பில் மிஞ்சுவது முன்னுரை மட்டும்.

வெளிநாட்டில் எலெக்ட்ரான்களைப் புரோட்டான்மேல் மோதவிட்டு, அவை சிதறிய விதத்தை எண்களாக அச்சிட்டிருந்தார்கள். அந்த எண்களைக் கொண்டு அவள் கிராஃப் தாளில் வளைகோடு வரைந்தாள். கோட்டுக்குக் கீழுள்ள பரப்பளவுதான் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குத் துகள்களின் பங்கு. கணிப்பொறி இல்லாத ஊரில் அதற்கும் வழி உண்டு. கோட்டோடு தாளைக் கத்தரித்து ஆய்வகத் தராசில் நிறுக்க வேண்டும். ஒப்பிட, அதே தாளில் நூறு பங்குக்குச் சமமாக வெட்டிய சதுரம் ஒன்றைச் சித்திரையிலேயே நிறுத்துக் குறித்து வைத்திருந்தாள்.

கடிதம் வந்த மறுநாள் வளைகோட்டுத் துண்டைப் பத்துத் தடவை நிறுத்தாள். பத்துத் தடவையும் ஐம்பத்துநான்கு. உலகம்தான் தப்பு என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டு, பதினோராவது தடவைக்குத் தாளை எடுத்தாள்.

நாலு மணிக்கு ஆய்வக உதவியாளர் உச்சிமாகாளி முறுக்குப் பொட்டலத்தோடு சாரலில் நனைந்து வந்தார்.

"இப்பத்தாம்மா வாங்கினேன். அதுக்குள்ள நமத்துப் போச்சு."

அவள் முறுக்கைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தாளும் நமக்கும்லா?"

"நமக்காமயா? பரீட்சப் பேப்பர்ல மை ஊறுதே, பாக்கலையா?"

பழைய சதுரத்தைத் தேடியெடுத்து அந்தச் சாரலிலேயே நிறுத்தாள். அதுவும் ஈரம் குடித்துக் கனத்திருந்தது. வளைகோட்டுத் துண்டின் எடையை அந்தப் புது எடையால் வகுத்தாள். ஐம்பது! கணக்கு தப்பவில்லை, சித்திரையில் நிறுத்ததோடு ஆடியில் நிறுத்ததை ஒப்பிட்டதுதான் தப்பு. சந்தோஷத்தில் நமத்த முறுக்கு நாலைத் தின்று தீர்த்தாள்.

'இரு துண்டுகளும் ஒரே நாளில், ஒரே வேளையில் நிறுக்கப்பட்டன' என்று ஆய்வேட்டில் எழுதினாள். வாய்மொழித் தேர்வு நடத்த வந்த சென்னைப் பேராசிரியர், "இதை எதற்கு எழுத வேண்டும்?" என்றார்.

"ஆடியில ஒரு நா எங்க ஊருக்கு வாங்க சார். முறுக்கு வாங்கித் தாரேன்."

பட்டம் கிடைத்தது. அச்சான ஏட்டின் நன்றியுரையில் முதல் பெயர் உச்சிமாகாளி. அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"ஆறு வருசத்தக் காப்பாத்தினீக அண்ணாச்சி."