அணியத்தில் கட்டிய கழுத்துப்பட்டை

பச்சை நைலான் கயிற்றில் திரித்த கழுத்துப்பட்டை அது. நடுவில், வலையில் கோக்கும் வெள்ளை மிதவை ஒன்று. போன மாதம் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனபோது, மாமாவின் பழைய ஃபைபர் படகின் முன்பக்க வளையத்தில் அது கட்டியிருந்ததைப் பார்த்தேன். மிதவைக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள். நாயின் கழுத்தில் கிடந்த பொருளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று சிரிப்பு வந்தது.

நான் இப்போது சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டு நாயையோ பூனையையோ அலுவலகத்துக்கு அழைத்து வரலாமா என்று எங்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். காபி மெஷின் பக்கத்தில் சில நாட்களாக இதே பேச்சுதான். மனசு லேசாகும் என்கிறார் ஒருவர், நாற்காலியெல்லாம் முடி ஒட்டும் என்கிறார் இன்னொருவர். எனக்கோ மாமாவின் படகு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. டிப்ளமோ முடித்து வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் நானும் அதில் கடலுக்குப் போனவன்.

அத்தை இறந்தபின் மாமாவுக்கு வீட்டில் மிஞ்சிய துணை டைகர்தான். பேரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம், காது தொங்கிய செவலை நாட்டு நாய். மாமா கடலுக்குப் போனால் கரையில் நின்று ஊளையிடும், சோறு வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்காது. "எழவு வுழுந்த வீடு மாதிரி கீதுப்பா, காதுல கேக்க முடியல" என்று அக்கம்பக்கத்தில் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஒருநாள் மாமா அதைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டார்.

அதை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் வழக்கு வந்தது. படகின் முன்பக்கத்தை அணியம் என்போம். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டும் இடம் அது. செருப்போடு யாரும் படகில் ஏறாத ஊரில், அணியத்தில் நாயா என்று கூட வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். நடுவில் வலைக் குவியல், நகம் பட்டால் கண்ணி அறுந்துபோகும். மிச்சமிருந்தது பின்பக்கம், எஞ்சின் பிடித்துப் படகை ஓட்டும் அண்ணன் ஒருவரின் காலடி. டைகரை அங்கே படுக்க வைத்தோம். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டுவதில் அந்த அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் தயங்கி நிற்கும்போது பீடியைக் கடித்தபடி போய்விடுவார். டைகர் வந்தபின் அவர் வாயில் பீடியைக் காணோம். ஒரு காலை மடக்கி, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்காருவார். முட்டிவலி போலிருக்கிறது என்று நாங்களே வைத்தியமும் சொன்னோம்.

ஒருநாள் விடியலில் முகத்துவாரத்தில் படகு தூக்கிப் போட்டது. டைகர் சறுக்கிப்போய் அவர் தொடைமேல் விழுந்தது. அவர் அலறிக்கொண்டு எஞ்சின் கைப்பிடியை விட்டுவிட்டார். படகு அலைக்குக் குறுக்கே திரும்பி, பாதிப் படகுக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. எப்படியோ கைப்பிடியை மறுபடி பிடித்துத் திருப்பினார். தப்பி வந்ததும் எல்லோரும் அவரைத் திட்ட வாயெடுத்தோம். அவர் முந்திக்கொண்டு மாமாவிடம் சொன்னார்.

"எனுக்கு நாய்னா பயம் மாமா. சின்ன வயசுல கடிச்சி, வயித்தச் சுத்தி ஊசி போட்டாங்க."

"முன்னயே சொல்றதுக்கு இன்னாடா?"

"கடலுக்கே பயப்படாதவன், இத்தப் போயி எப்பிடி மாமா சொல்றது?"

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மறுநாள் டைகரும் வரவில்லை, மாமாவும் வரவில்லை. "அவன் பயமும் நெசம், இதோட பசியும் நெசம். நா கரையிலியே கெடக்கறேன், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டார். அத்தை போனபிறகு அவரை நிமிர்த்தி வைத்திருந்தது கடல் ஒன்றுதான். அதையும் விட்டால் மனிதர் படுத்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வந்த வெள்ளிக்கிழமை, கற்பூரம் காட்டும் நேரத்தில் எஞ்சின்கார அண்ணன் இந்தப் பட்டையோடு வந்தார். அவரே திரித்தது. தள்ளி நின்றே மாமாவிடம் வீசினார். "மெதவ வச்சிகீறேன். வுழுந்தாலும் முழுவாது. அணியத்துல கட்டிப்புடு." மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், சாமி இடமாயிற்றே என்றார்கள். அவர் கோபமாகத் திரும்பினார்.

"சாமிக்கு நாய்னா பயம் இல்ல. எனுக்குத்தான் பயம்."

மாமா பட்டையை டைகர் கழுத்தில் மாட்டி, மறுநாளே அதோடு கடலுக்கு வந்தார். டைகர் சாகும்வரை அணியத்தில்தான் வந்தது. அவர் பின்பக்கத்தில் மறுபடி பீடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டைகரை ஒருநாளும் தொட்டதில்லை.

அலுவலகத்துக்கு என் கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். தாராளமாக அழைத்து வரட்டும், ஆனால் அதற்கு முன் பயப்படுகிறவர் யாரென்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள் என்று.

மாமாவும் இப்போது இல்லை. படகை அந்த அண்ணன்தான் ஓட்டுகிறார். போன மாதம் கரையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது குட்டிநாய் ஒன்று வாலாட்டிக்கொண்டு வந்தது. நரைத்த தலையோடு அவர் சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். "தொரத்து நைனா அத்த!" விரட்டிவிட்டேன். அது போய்விட்டதா என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு படகின் முன்னால் போய் நின்றார். பச்சைக் கழுத்துப்பட்டையைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, படகைத் தண்ணீரில் தள்ளினார்.